கொழுத்த எருதும் வேலியும்: இங்கிலாந்துப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், லிவர்பூல்

வாக்கர் கலைக்கூடத்தில், ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1790இல் வரைந்த லிங்கன்ஷயர் எருதின் முன்னால் காலைப் பொழுது முழுவதும் போயிற்று. அந்த எருதின் தோள் உயரம் இன்றைய கணக்கில் சுமார் 193 சென்டிமீட்டர். நல்ல உயரமான ஆள் பக்கத்தில் நின்றாலும் அதன் முதுகைத் தாண்டிப் பார்ப்பது கடினம். ஜான் கிப்பன்ஸ் என்பவர் சேவற்சண்டைப் பந்தயத்தில் அதை வென்று, லண்டனுக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். ஓவியத்தில் எருது நிற்கிறது, அவர் நிற்கிறார், பந்தயத்தை வென்று கொடுத்த சேவலும் நிற்கிறது.

ஸ்டப்ஸ் குதிரைகளின் உடலைத் தோலுரித்து, தசை தசையாகப் பிரித்துப் பார்த்து வரைந்தவர். அந்தப் படங்களை 1766இல் நூலாகவும் வெளியிட்டார். அந்தப் படிப்பு இந்த எருதிலும் தெரிகிறது. எவ்வளவு பெரிய உடல்! ஆனாலும் அதன் பாரம் நான்கு கால்களிலும் சரியாக இறங்குகிறது. மாடு வரைகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் பின்தொடையும் இடுப்பெலும்பும் சேரும் பகுதிதான். அங்கே எலும்பு எது, சதை எது என்பதை அவர் குழப்பவே இல்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப என் நோட்டில் வரைந்து பார்த்தேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரே நோக்கம்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் கிராமங்கள் அடியோடு மாறிக்கொண்டிருந்தன. பொதுநிலங்கள் வேலிக்குள் போயின. அதே ஆண்டுகளில்தான் அந்த நாட்டில் ஆடு, மாடு, பன்றிகளுக்குத் தனித்தனியாக உருவப்படம் வரைவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் வரைந்ததுபோல் ஒரு கிடாவுக்கும் சட்டம் போட்டுப் படம் மாட்டினார்கள். இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்தது தற்செயலாக இருக்க முடியாது என்று நெடுநாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஓவியங்களின் முன்னாலும், அவை பிறந்த நிலத்திலும் நின்று அதைச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்டப்ஸை முதலில் பார்த்தது நல்லதாயிற்று. உண்மையான பெரிய மாடு எப்படி இருக்கும் என்பது இப்போது கண்ணில் பதிந்துவிட்டது. இனி வரப்போகிறவற்றை அதை வைத்து அளக்கலாம்.

புதன், காம்ப்டன் வெர்னி

வாரிக்‌ஷயரில் ஏரியும் மரங்களும் சூழ்ந்த ஒரு மாளிகை. இப்போது கலைக்கூடம். பிரிட்டனின் நாட்டுப்புறக் கலைக்கு இங்கே ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. ஊர் ஊராகப் போய், கேட்டவர்களுக்கு வரைந்து கொடுத்துப் பிழைத்த ஓவியர்களின் கால்நடைப் படங்களைப் பார்க்கத்தான் இங்கே வந்தேன். அப்படிப்பட்ட ஓவியர்கள் பலர் விடுதிகளுக்குப் பெயர்ப்பலகையும் எழுதினார்கள். பல படங்களில் வரைந்தவர் பெயரே இல்லை.

ஸ்டப்ஸின் எருதைப் பார்த்த கண்ணுக்கு இவை முதலில் அதிர்ச்சி தரும். பெட்டிக்கு நான்கு குச்சி நட்டதுபோல் மாடுகள். முதுகு கோடு போட்டதுபோல் நேராகப் போகிறது. வயிறும் அப்படியே நேராக இருக்கிறது. தலை சிறுத்து, கால் மெலிந்து, நடுவில் உடல் மட்டும் ஊதிக் கிடக்கிறது. பன்றிகளில் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. பார்க்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். இவற்றைச் சிரித்துவிட்டுப் போவது அநியாயம் என்பது என் கருத்து. வரையத் தெரியாததால் மட்டும் வந்த வடிவம் இல்லை இது. ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

சிறிய தலையையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் கால்நடை வளர்ப்பாளர்களின் குறிக்கோள் எலும்பு குறைவாகவும் இறைச்சி கூடுதலாகவும் உள்ள விலங்கு. தலையும் காலும் விலை போகாத பகுதிகள். தின்ற தீவனம் அங்கே போனால் நஷ்டம். ஆகவே உரிமையாளர் கனவு கண்ட விலங்குக்குத் தலை சிறியது, கால் மெலிந்தது. ஓவியர் அந்தக் கனவை வரைந்து கொடுத்தார். முதுகு நேராக இருப்பதற்கும் அதுதான் காரணம்: விலை உயர்ந்த இறைச்சி முதுகை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தப் படங்களை உருவப்படம் என்பதைவிட, அடுத்த தலைமுறைக் கன்றுக்கு எழுதிய விவரக்குறிப்பு என்றே சொல்லலாம்.

கோணத்தையும் கவனித்தேன். பெரும்பாலான படங்களில் அடிவானம் மிகத் தாழ்வாக இருக்கிறது. மாட்டின் முழங்கால் அளவில் நிலம் முடிந்துவிடுகிறது; அதற்கு மேல் உடல் முழுவதும் வானத்தின் முன்னால் நிற்கிறது. ஓவியர் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால்தான் இப்படித் தெரியும். வேண்டுமென்றே செய்த வேலை இது. தூரத்து மரமும் வீடும் அதன் வயிற்றுக்குக் கீழே சிறுத்துத் தெரியும்போது விலங்கு மலையளவு ஆகிவிடுகிறது. எல்லாமே பக்கவாட்டுத் தோற்றம். நீளத்தையும் ஆழத்தையும் ஒரே பார்வையில் கணக்கிட அதுதான் வசதி.

கொழுப்பின் மேல் ஏன் இவ்வளவு மோகம் என்று இன்று கேட்பார்கள். அன்றைக்குக் கொழுப்பு என்றால் வெளிச்சம்; மாட்டுக் கொழுப்பில்தான் சாதாரண வீட்டு மெழுகுவத்திகள் செய்தார்கள். சோப்புக்கும் அதுதான். நாள் முழுவதும் உடலுழைப்பு செய்கிறவனுக்கு அதுதான் பலம். நகரங்களோ பெருகிக்கொண்டிருந்தன. 1801இல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 89 லட்சம் பேர் இருந்தார்கள். 1851இல் அது ஏறத்தாழ ஒரு கோடியே 79 லட்சம். அவ்வளவு பேருக்கும் இறைச்சி வேண்டும். 1798இல் லண்டனில் ஸ்மித்ஃபீல்ட் சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டே கொழுத்த கால்நடைகளுக்குப் போட்டி வைத்தது. பரிசு வாங்கிய விலங்கை வரைந்து, அதை அச்சுப்படமாக்கி விற்றார்கள். விளம்பரமும் அதுவே, பெருமையும் அதுவே.

எனக்கு மனத்தில் தைத்தது வேறொன்று. இந்த வகைப் படங்களில் விலங்கின் பெயர், இனம், வயது, எடை, உரிமையாளர் பெயர் என்று பலவும் எழுதியிருக்கும். அதிகாலையில் எழுந்து அதற்குத் தீவனம் வைத்த ஆளின் பெயர் இருக்காது. சில படங்களில் ஒரு மூலையில் அவர் நிற்பார்; கையில் டர்னிப் கிழங்கோ புல்லோ இருக்கும். பல படங்களில் அதுவும் இல்லை. விலங்கு தனியாக, பெரிய பச்சைப் புல்வெளியில், ஆள் நடமாட்டமே இல்லாத நிலத்தில் நிற்கிறது. அந்த வெறுமையை எல்லா நகல்களிலும் வரைந்து வைத்துக்கொண்டேன். அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாளையும் மறுநாளும் பார்க்கப் போகிறேன்.

வியாழன், டிஷ்லி

லெஸ்டர்ஷயரில் லாஃப்பரோ நகரத்தின் ஓரத்தில், நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும் தூரத்தில், கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம். உள்ளே புல் முளைத்திருக்கிறது. ராபர்ட் பேக்வெல் (1725–1795) இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த டிஷ்லி பண்ணையில்தான் அவர் நவீனக் கால்நடை இனவிருத்தியைத் தொழிலாக மாற்றினார். டார்வின்கூடத் தன் 1859ஆம் ஆண்டு நூலில் அவர் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பேக்வெல் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். வேண்டிய குணமுள்ள ஆணையும் பெண்ணையும் பிரித்தெடுத்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து, அந்தக் குணத்தை வம்சத்தில் நிலைநிறுத்தினார். நியூ லெஸ்டர் என்ற செம்மறி இனம் அப்படித்தான் வந்தது. நீண்ட கொம்புள்ள லாங்ஹார்ன் மாடுகளிலும் அதே முறையில் வேலை செய்தார். கிடாக்களை அவர் விற்கவில்லை. பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார். 1783இல் அதற்காகவே ஒரு சங்கம் வைத்து, யார் யாருக்கு விடலாம் என்பதைக் கட்டுக்குள் வைத்தார்கள். சிறந்த விலங்குகள் இறந்த பிறகு அவற்றின் எலும்புக்கூட்டையும், உப்புநீரில் போட்ட இறைச்சித் துண்டுகளையும் வீட்டில் வைத்து, அடுத்த தலைமுறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். ஓவியர்கள் செய்யும் வேலைதான் இது. அளந்து, ஒப்பிட்டு, மறுபடியும் பார்ப்பது.

1770இல் ஆர்தர் யங் என்ற வேளாண்மை எழுத்தாளர் இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதியிருப்பதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. பேக்வெல்லின் காளைகள் யார் வந்து தொட்டாலும் வயலில் அசையாமல் நிற்குமாம். பண்ணையாட்கள் பக்கத்தில் நடந்தபடி ஒரு சிறு குச்சியால் அவற்றை வேண்டிய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவார்களாம். அடித்து ஓட்டாமல் பழக்கப்படுத்திய மாடுகள். ஓர் ஓவியருக்கு அதைவிட நல்ல மாடல் கிடைக்காது.

இடிந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, இத்தனை நாள் தேடிய முடிச்சு அவிழ்ந்தது. வேலி! பொதுநிலத்தில் ஊர் ஆடுகள் எல்லாம் ஒன்றாக மேயும்போது எந்தக் கிடா எந்தப் பெட்டையைச் சேர்ந்தது என்று யார் கண்டது? பக்கத்து வீட்டுக்காரனின் நோஞ்சான் கிடாவே என் ஆட்டுக்கும் தகப்பனாகலாம். இனத்தைக் கையில் வைத்திருக்க வேண்டுமானால் நிலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். தனி வயல், முள்வேலி, பூட்டிய கதவு. வேலி வந்த பிறகுதான் ‘இது என் இனம்’ என்று ஒருவன் சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்ல முடிந்த பிறகுதான் அதைப் படமாக வரையச் சொல்லி ஓவியரை அழைத்தான். நேற்றுப் பார்த்த பச்சைப் புல்வெளியின் வெறுமை அந்த வேலிக்கு உள்ளே இருக்கும் வெறுமை.

டிஷ்லியை ஒட்டி வளர்ந்த ஓவியர்களில் ஜான் பூல்ட்பீ முக்கியமானவர். பேக்வெல் குதிரைமேல் அமர்ந்திருக்கும் படம் அவர் வரைந்ததுதான். அது லெஸ்டர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. வேறு இருவரையும் இங்கே சொல்ல வேண்டும். ஜேம்ஸ் வார்டு 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடு முழுவதும் சுற்றி, ஒவ்வொரு இனத்தையும் நேரில் பார்த்து வரையும் பெரும்பணியை ஏற்றார். பதிப்பாளர் நொடித்துப்போனதால் அது பாதியில் நின்றது. ஜார்ஜ் கெரார்டு வேறு வழியில் போனார். விலங்குகளை அங்குலக் கணக்கில் அளந்து, அளவு மாறாமல் சிறிய சுதை உருவங்கள் செய்தார். அவற்றை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அவர் வாதாடியதன் விளைவாக, சிற்பங்களுக்கு உரிமை தரும் சட்டம் 1798இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மாட்டுப் பொம்மையிலிருந்து பிறந்த சட்டம்! கலை வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

வெள்ளி, லாக்ஸ்டன்

நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் இந்த ஊரைப் பார்க்காமல் மற்ற எதையும் பேச முடியாது. நாடாளுமன்றம் 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றால் அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அந்தச் சட்டங்களில் பெரும்பகுதி 1750க்குப் பிறகு வந்தவை. லாக்ஸ்டன் மட்டும் தப்பியது. இங்கே நிலம் வைத்திருந்த இரண்டு பெரிய குடும்பங்கள் பங்கு பிரிப்பதில் உடன்படாமல் இழுத்தடித்ததும் அதற்கு ஒரு காரணம். ஆகவே பழைய திறந்தவெளி வயல்முறை இன்றும் இங்கே நடக்கிறது.

மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒன்றில் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. ஆண்டுக்கு ஆண்டு முறை மாறும். ஒவ்வொரு வயலுக்குள்ளும் பல குடியானவர்களின் நிலத்துண்டுகள் பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. நடுவில் வேலி கிடையாது. நவம்பர் கடைசியில் ஊர் நடுவர்கள் கோதுமை வயலைச் சுற்றிவந்து, எல்லையில் முளையடிப்பார்கள். அடுத்தவன் நிலத்திலோ பாதையிலோ ஏர் ஏறியிருந்தால் அபராதம். அறுவடை முடிந்த வயலில் இன்று நடந்தேன். நான்கு திக்கிலும் பார்வை எதிலும் முட்டாமல் போகிறது. வேலியடைத்த மாவட்டங்களின் வழியாக இத்தனை தூரம் வந்த பிறகு, கண் விரிந்து கொடுக்கவே சிறிது நேரம் பிடித்தது.

நான் கையோடு கொண்டுவந்திருந்தது 1635ஆம் ஆண்டு வரைபடத்தின் அச்சுப்படி. மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் லாக்ஸ்டனின் ஒவ்வொரு பட்டையையும் அளந்து வரைந்த படம் அது. அசல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே அவர் சின்னஞ்சிறு உருவங்களையும் வரைந்திருக்கிறார். ஏர் பூட்டி உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், மாடுகள் மேய்கின்றன, வேட்டைக்காரர்கள் குதிரையில் போகிறார்கள். வரப்பில் உட்கார்ந்து கைக்கண்ணாடி வைத்து அவற்றைப் பார்த்தேன். ஒரு மாட்டுக்குச் செலவான மை பேனாவின் சில கீறல்கள்தான். கொம்பு, முதுகு, வால், முடிந்தது. ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிறான். மாடும் ஆளும் ஒரே அளவுக் கீறலில், ஒரே நிலத்தில். எது யாருடைய மாடு என்று எழுதவில்லை.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்த வரைபடமே நிலவுடைமையாளர் தன் சொத்தைக் கணக்கெடுக்க வரையச் சொன்னதுதான். விளைச்சலும் இன்றைக்கு இருப்பதில் ஒரு சிறு பங்குதான். பேக்வெல்லும் அவர் வழி வந்தவர்களும் இல்லாவிட்டால் பெருகிய நகரங்கள் பட்டினி கிடந்திருக்கும் என்று வாதாடுகிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பசுவும் சில வாத்துகளும் மட்டும் வைத்திருந்த கூலிக்காரனுக்குப் பொதுமேய்ச்சல் போன பிறகு அந்தப் பசுவைக் கட்ட இடமில்லை. அவனுடைய பசுவுக்கு எந்தக் கலைக்கூடத்திலும் படமில்லை. அது ஒரு மாட்டின் படம் மட்டும் விடுபட்ட கதையாக எனக்குத் தோன்றவில்லை.

மாலை ரயிலில் வடக்கே கிளம்பினேன். டார்லிங்டனைக் கடந்தபோது இருட்டிவிட்டது. அந்த ஊரின் பக்கத்தில் கெட்டன் பண்ணையில்தான் சார்லஸ் காலிங், ஷார்ட்ஹார்ன் என்ற மாட்டினத்தை வளர்த்தார். அவர் வளர்த்த டர்ஹாம் எருது 1796இல் பிறந்தது. அதை வாங்கியவர்கள் சிறப்பு வண்டியில் ஏற்றி, 1801 முதல் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகக் காட்டினார்கள். பூல்ட்பீ 1802இல் அதை வரைந்தார். அந்தப் படத்தின் அச்சுப்பிரதிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. 1807இல் ஆக்ஸ்ஃபோர்டில் அது இடுப்பு எலும்பு பிசகி விழுந்து, பின்னர் வெட்டப்பட்டது. இன்றும் பல விடுதிகளுக்கு அதன் பெயர் இருக்கிறது. காலிங்கின் காமெட் என்ற காளை 1810 ஏலத்தில் ஆயிரம் கினிக்கு, அதாவது 1,050 பவுண்டுக்குப் போனது. டர்ஹாம் எருதை நான் பரிதாபமாகத்தான் நினைக்கிறேன். ஆறு ஆண்டு வண்டியிலேயே நின்ற விலங்கு அது.

சனி, செரிபர்ன்

மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூவிக் 1753இல் பிறந்த வீடு. நியூகாசிலுக்கு மேற்கே, டைன் நதிக்கரைச் சரிவில், சிறிய கல்வீடு. தகப்பனார் குடியானவர், ஒரு சிறு நிலக்கரிச் சுரங்கத்தையும் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். பையன் பாடப் புத்தக ஓரங்களிலும், தேவாலயத்துக் கல்லறைக் கற்களிலும், வாசல் தரையிலும் சுண்ணக்கட்டியால் படம் போட்டுத் திரிந்தான். 14 வயதில் நியூகாசிலில் ஒரு செதுக்கு வேலைக்காரரிடம் தொழில் பழகப் போனான். 1790இல் வெளிவந்த நாற்கால் விலங்குகளின் நூலால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

அவர் கையாண்ட முறையை இங்கே வந்தால்தான் சரியாக உணர முடிகிறது. பாக்ஸ் மரத்தின் கட்டையைக் குறுக்கே அறுத்து, வைரம் பாய்ந்த அந்த வெட்டுமுகத்தில் உலோகத்தில் செதுக்கும் நுண்ணிய உளியால் வேலை செய்வார். உளி போன இடம் அச்சில் வெள்ளை. ஆகவே அவர் கறுப்பில் வரையவில்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்தை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் படத்தில் ஆட்டின் ரோமம் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று தெரிகிறது. அவருடைய ஒரு சிறு படத்தில், பனி மூடிய நிலத்தில் தின்ன எதுவும் கிடைக்காத பெண்ணாடு ஒரு பழைய துடைப்பத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில், பாலத்துக்குச் சுங்கம் கொடுக்க மனமில்லாத ஒருவன் தன் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். காற்றில் தொப்பி பறந்து போகிறது. சுங்கக் காசை மிச்சம் பிடித்தவனுக்குத் தொப்பி போயிற்று. காம்ப்டன் வெர்னியில் நான் தேடிக் கிடைக்காத பசு இதுதான். எடை எழுதாத, பரிசு வாங்காத, ஓர் ஏழையின் வாழ்க்கையைத் தாங்கி ஆற்றில் நீந்தும் பசு.

கொழுத்த மாடுகளை வரையச் சொல்லி பியூவிக்கையும் அழைத்தார்கள். தன் வாழ்க்கைக் குறிப்பில் அதை அவரே எழுதியிருக்கிறார். டார்லிங்டன் பக்கம் போய் மாடுகளையும் ஆடுகளையும் நேரில் பார்த்து வரைந்தார். வரைந்து முடித்த பிறகு, வேறோர் ஓவியர் தீட்டிய படங்களைக் காட்டி, அவற்றைப்போலவே இருக்க வேண்டும் என்றார்கள். அந்தப் படங்களுக்கும் விலங்குகளுக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் கொழுப்புக் கட்டிகளை வைக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். வேலையும் போயிற்று, போய்வந்த பாடு வீணாயிற்று. சொன்னபடி வரைந்து கொடுக்க வேறு ஓவியர்கள் தாராளமாகக் கிடைத்தார்கள் என்றும் எழுதுகிறார்.

இதே மனிதர்தான் தன் ஊர்ப் பொதுநிலத்தைப் பற்றியும் எழுதினார். அது 1812இல் பங்கு போடப்பட்டது. ஏழைகள் அதில் சில ஆடுகளையோ ஒரு பசுவையோ, வாத்துக் கூட்டத்தையோ, தேன்கூடுகளையோ வைத்திருந்ததையும், அது தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய உடைமையாக இருந்ததையும், இப்போது எல்லாம் துடைத்தெடுக்கப்பட்டதையும் வேதனையோடு சொல்கிறார். கொழுப்பை வரைய மறுத்த கையும் பொதுநிலத்துக்காக வருந்திய கையும் ஒன்று என்பதில் எனக்கு வியப்பே இல்லை. இரண்டு இடத்திலும் அவர் இருந்ததை இருந்தபடி பார்த்தார். விலங்கு ஓவியத்தில் எனக்கு அவரைவிடப் பெரியவர் யாரும் கிடையாது. ஸ்டப்ஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1828இல் இறக்கும்போது அவர் கையில் இருந்த வேலை, மழையில் நனைந்து நிற்கும் ஒரு கிழட்டுக் குதிரை. உழைத்து ஓய்ந்து, விலா எலும்புகள் துருத்தி, சாவுக்குக் காத்திருக்கும் குதிரை. கட்டையை முழுவதும் செதுக்கி முடிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிறு, சில்லிங்ஹாம்

நார்தம்பர்லாந்தின் வடகோடி. சுவர் சூழ்ந்த ஒரு பழைய பிரபுவின் பூங்காவில், யாரும் பால் கறக்காத, கட்டாத, இனம் பிரிக்காத வெள்ளை மாடுகள் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. உடல் முழுவதும் வெள்ளை. காது மட்டும் செம்பழுப்பு. பசுவுக்கும் கொம்பு உண்டு. 1947ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மந்தை அழிந்து 13 உருப்படிகள்தான் மிஞ்சின. இப்போது நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. காவலர் துணையோடுதான் உள்ளே போக முடியும்.

1789இல் மார்மடியூக் டன்ஸ்டால் என்ற நிலக்கிழார் கேட்டுக்கொண்டதன்பேரில் பியூவிக் இந்தக் காளையைச் செதுக்கினார். வழக்கத்தைவிட மிகப் பெரிய கட்டையில் செதுக்கிய படம் அது. சில பிரதிகள் எடுத்தவுடனேயே கட்டை பிளந்துவிட்டது. அதற்காக அவர் இங்கே வந்தபோது மந்தை அவரை நெருங்க விடவில்லை. சுற்றிச் சுழன்று ஓடி, திரும்பி, எல்லா மாடுகளும் நேருக்கு நேர் அவரைப் பார்த்து நின்றன. கடைசியில், எதிரியிடம் தோற்று மந்தையை விட்டுத் துரத்தப்பட்டு, மரங்களுக்கிடையே தனியாக ஒதுங்கியிருந்த ஒரு காளையைத் தேடினார். காற்று தன் வாடையைக் கொண்டுபோகாத பக்கமாக, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து போய், அதற்குத் தெரியாமல் குறிப்புப் படம் எடுத்தார். கம்பீரமே உருவாக நிற்கும் அந்தப் புகழ்பெற்ற காளை, உண்மையில் தோற்றுப்போன காளை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இன்று புரிந்தது. மந்தையை வெகுதூரத்திலிருந்துதான் பார்த்தோம். நாங்கள் நின்றதும் அவையும் நின்றன. ஒவ்வொன்றாகத் திரும்பி முகம் காட்டின. பரிசு மாட்டுப் படங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய பக்கவாட்டுத் தோற்றம் இங்கே கிடைக்கவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால்தான் மாடு பக்கவாட்டில் அசையாமல் நிற்கும். நம்மை எடைபோடுகிற மாடு நேராகத்தான் பார்க்கும். நேர்முகமாகப் பார்க்கும்போது உடலின் நீளம் மறைந்துவிடுகிறது. நெற்றி, கொம்பு, மார்பு, இரண்டு முன்னங்கால், பின்னால் லேசாகத் தெரியும் முதுகு. வரைவதற்கு இதைவிடக் கடினமான கோணம் இல்லை. கொம்புகளுக்கு நடுவே இருக்கும் சுருள்மயிரும், ஈரமான மூக்கின் கருமையும் தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிந்தன. பென்சிலை வேகமாக ஓட்டினேன்.

இந்த மாடுகளையும் ஒரு சுவர்தான் காத்தது என்பதை மறக்கக் கூடாது. ஏழையின் பசுவை வெளியே நிறுத்தியதும் நிலக்கிழாரின் எல்லை. இந்தக் காட்டு மந்தையை உள்ளே வைத்துப் பிழைக்கவிட்டதும் நிலக்கிழாரின் எல்லை. பிரிட்டனில் 1900க்கும் 1973க்கும் இடையில் 26 உள்நாட்டு இனங்கள் அழிந்துபோயின. அதன் பிறகுதான் அரிய இனங்களைக் காக்க ஓர் அறக்கட்டளை உருவானது. பேக்வெல் பாடுபட்டு வளர்த்த லாங்ஹார்னே ஒரு கட்டத்தில் அழியும் நிலைக்குப் போய், இப்படிப்பட்ட முயற்சியால் மீண்டது. ஒரு தலைமுறை ஓவியர்கள் மலையளவுக்குத் தீட்டிய மாடு, சில தலைமுறைகளில் தேடிப் பிடிக்க வேண்டிய மாடாகிவிட்டது.

காவலர் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கொம்பின் வளைவை வைத்தே இரண்டு காளைகளை இன்னவை என்று அடையாளம் சொன்னார். தனியாக ஒதுங்கிய காளை இப்போதும் உண்டா என்று கேட்டேன். ஒன்று உண்டு, மேட்டுப் பக்கத்து மரங்களுக்குள் இருக்கிறது, ஆனால் இன்று அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். குளிர்காலத்தில் உலர்புல் போடும்போது மந்தை இன்னும் பக்கத்தில் வரும், அப்போது வரைய வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அறைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.